காலி தோங் தூக்கிய மணியம்

“...அந்தத் தோங்குல கேஸே இல்லண்ணே. காலி தோங் தூக்குறவன்தான் இப்படி வெறைப்பா நிப்பான். நான் நிக்க மாட்டேன்லா.”

சொன்னவர் மணியம். ஜார்ஜ் டவுனில் ராஜேஸ் அக்கா நடத்தும் கேஸ் கடையில் டெலிவரி வேலை. கடையின் பக்கச் சுவரில் நான் வரைந்திருந்ததும் அவரைத்தான்: வலது தோளில் தோங், அதாவது கேஸ் சிலிண்டர்; முகத்தில் சிரிப்பு.

அதுவரை நான் போர்டுக்கு எழுத்து எழுதிப் பிழைத்தவன். முழு உருவம் வரைந்தது அதுதான் முதல் தடவை. சும்மா இறங்கவில்லை; மூன்று மாதம் போனில் அனாட்டமி வீடியோ பார்த்திருந்தேன். தசைகளின் பெயரெல்லாம் இங்கிலீஷில் மனப்பாடம். கற்ற அத்தனையையும் மணியத்தின் கைகளில் இறக்கினேன். அவரிடம் இல்லாத தசைகூட இரண்டு மூன்று சேர்ந்துவிட்டது.

அக்கா கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

“தம்பி, காலையில ஒரு கஸ்டமர் கேக்குறாங்க, ‘காலி தோங்தான் அனுப்புவீங்களா, செவத்துலயே போட்டுட்டீங்களே’ன்னு. இன்னைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நாளைக்கு வெள்ளையடிச்சிருவேன்.”

வெள்ளையடித்தால் படம் போகும். அதைப் பார்த்து நாலு பேர் வேலை கொடுப்பார்கள் என்ற நினைப்பும் சேர்ந்து போகும்.

“தசையெல்லாம் சரியாத்தானே இருக்கு, மணியம்?”

“தச இருக்குண்ணே. பாரம் எங்க?”

நிறைந்த தோங் ஒன்றைத் தோளில் ஏற்றிக் காட்டினார். வலது தோள் காதருகே ஏறியது. உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. இடது கை தானாக விலகியது. தோங்கின் நடுவிலிருந்து நேர்கீழே, அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பாதங்களுக்கு நடுவில் வந்து இறங்கியது. இன்றைக்கும் வரையப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள், தசை அப்புறம் வரட்டும்.

சுவர் பிழைத்தது. இப்போதும் போய்ப் பார்க்கலாம். உடம்பு மணியத்துடையது, கழுத்து மட்டும் என்னுடையது.

அது வேறொன்றுமில்லை. கழுத்து எனக்குப் பிடிபடவே இல்லை. நிறைந்த தோங்கோடு நின்றவரிடம் “ஒரே நிமிஷம்” என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை, “கொஞ்சம் இயல்பா நில்லுங்க மணியம்” என்றேன்.

மணியம் என்னைப் பார்த்தார். “அந்தச் சாக்பீஸைக் கீழ வைங்கண்ணே.”

வைத்தேன்.

தோங்கை என் தோளுக்கு மாற்றினார். பிறகு தன் போனை எடுத்து, துடைத்து, நிதானமாக என்னைப் படம் பிடித்தார்.