எக்ஸ்எல் சைஸ் கண்

என் வீட்டுக்காரர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்தார். கழுத்து, தோள், உயரம் எல்லாவற்றையும் இஞ்ச் டேப் வைத்துப் பார்த்து, அளவு தப்பிய பனியனை ஒதுக்குவதுதான் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கண்ணாடி மாற்றலாமென்று கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, ஒரு தாளில் பெரிய வட்டமும் அதற்குள் சின்ன வட்டமும் போட்டார்.

"பெரிசு உங்க கண் நரம்போட தட்டு. உள்ளே இருக்கறது குழி. குழி அகலமாயிட்டே போனா நரம்பு அழியுதுன்னு அர்த்தம். உங்க இடது கண்ணுல தட்டுல முக்காலுக்கு மேல குழிதான் இருக்கு. கண் அழுத்தமும் ஜாஸ்தி. கிளாக்கோமான்னு சந்தேகப்படறேன்."

என் வீட்டுக்காரர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கழுத்து லூசுங்கறீங்க. அளவுல கூடக்கொறைய எத்தனை உடலாமுங்க?"

டாக்டரம்மா பொறுமைசாலி. "சிலருக்குப் பிறவியிலேயே தட்டு பெரிசு. அவங்களுக்குக் குழியும் பெரிசா இருக்கலாம், அது நோயில்லை. அதனால..."

இவர் எழுந்தேவிட்டார். "அப்படிச் சொல்லுங்க! நம்முளுது எக்ஸ்எல் சைஸுங்க."

"உக்காருங்க. பக்கவாட்டுல பார்வை எதுவரைக்கும் இருக்குன்னு சோதிச்சாத்தான் தெரியும்."

அடுத்த வாரம் சோதனை. கவிழ்த்த கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இவர் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுவதுபோல் டக்டக்கென்று அமுக்கித் தள்ளினார்.

"வெளிச்சமே வராதப்பவும் அமுக்கறீங்களே!" என்றாள் நர்ஸ்.

"வந்தா உட்ரக்கூடாதுன்னு முன்னாடியே அமுக்கிட்டனுங்க."

இரண்டாம் முறை, புள்ளியை விட்டுவிட்டுக் கண்ணைச் சுழற்றி வெளிச்சத்தைத் தேடிப் பிடித்தார். அதுவும் செல்லாது என்றார்கள். டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"இது பரீட்சை இல்லீங்க. ஏமாத்தி இதுல பாஸ் பண்ணினா, கண்ணு ஃபெயிலாயிரும்."

மூன்றாம் முறை ஒழுங்காக உட்கார்ந்தார். வலது கண்ணுக்குப் பொத்தான் சத்தம் சீராகக் கேட்டது. இடது கண்ணுக்கு மாற்றியதும் சத்தம் குறைந்து, பிறகு நின்றே போனது.

"ஏனுங்க, மிசினு நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஓடிட்டுத்தாங்க இருக்கு," என்றாள் நர்ஸ்.

மெஷினிலிருந்து வந்த தாளில், இடது கண்ணின் பார்வைப் படம் பாதிக்கு மேல் கறுப்பு. அதைப் பார்த்தபின் சைஸ் பேச்சே எடுக்கவில்லை.

"போனது திரும்பி வருமுங்களா?"

"வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

அன்றிலிருந்து ஒருநாள்கூடச் சொட்டு மருந்தை விட்டதில்லை. வலது கண் தப்பியது. ஆனால் கம்பெனியில் மட்டும், "நமக்கு எக்ஸ்எல் கண்ணு, அதுக்குத் தனி மருந்து" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் மொபெட் ஓட்டக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்து வழி சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். ஒருநாள் காங்கேயம் ரோட்டில், "எடது பக்கம் ஒண்ணுமில்ல கண்ணு, திருப்பு!" என்றார்.

நான் பிரேக்கை அழுத்தினேன். "ஏனுங்க, லாரி நிக்குதுங்க!"

தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?" என்று லாரிக்காரரைக் கோபித்துக்கொண்டார்.