மெய்யளவில் அச்சான முட்கள்

உள்ளூர்க் கடைகளில் கிடைக்காத தூண்டில் முட்களை விற்கும் நிறுவனம் ஒன்று, ஆண்டுதோறும் அஞ்சலில் அனுப்பிவந்த பொருட்பட்டியல் நூலை நிறுத்திவிட்டது. முட்களின் எண்களையும் மாற்றிவிட்டது. அந்நூலில் ஒவ்வொரு முள்ளும் மெய்யளவில் அச்சாகியிருக்கும். பாம்பனில் என் பக்கத்து வீட்டு மீனவர் தம் பழைய முள்ளைப் படங்களின்மீது வைத்துப் பார்ப்பார். பொருந்தியதன் எண்ணை நான் எழுதி அனுப்புவேன். ஒருமுறையும் தவறியதில்லை.

இவ்வாண்டு, சீலா மீன் வரத்துத் தொடங்கிய வாரத்தில், நிறுவனத்தின் இணையதளத்தைக் கைபேசியில் திறந்து நீட்டினேன். அவர் திரைமீது முள்ளை வைத்தார். விரல் பட்டதும் படம் பெருத்தது.

“தொட்டா வளருது சார். இதுல எது நெசம்?”

எண்ணை ஊகித்து வரவழைத்த முட்கள் சீலாவின் வாய்க்குச் சிறியவை.

அச்சுநூல் வேண்டுமென்று தொலைபேசியில் கேட்டேன். “பக்கத்த அனுப்புறேன், பிரிண்ட் எடுத்துக்கங்க சார்” என்றாள் அங்கிருந்த பெண். இராமேசுவரத்துக் கடையின் அச்சுப்பொறியோ, அப்பக்கத்தைத் தாளுக்குள் அடங்குமாறு சுருக்கித் தந்தது. மீனவர் அதன்மீதும் முள்ளை வைத்துப் பார்த்தார்.

“தாளுக்கு ஏத்தாப்புல மீனும் சுருங்கிக்கிருமா சார்?”

பொறுமையிழந்து, அவரிடம் மிஞ்சியிருந்த அந்தப் பழைய முள்ளையே உறையிலிட்டு, இதே அளவில் நூறு வேண்டுமென எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மற்றவர்களின் படகுகள் சீலாவோடு திரும்புகின்றன. அவர் கரையில் நின்றபடி என்னைப் பார்க்கிறார், பட்டியலை நிறுத்தியவன் நானே என்பதுபோல.