அம்மாவின் உள்ளங்கால்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் காலில் சிவப்பு ஒட்டியிருந்தால் யாரும் உடனே ரத்தம் என்று நினைப்பதில்லை. பட்டாசு கம்பெனிச் சாயம் என்றே நினைப்போம். அங்கே வேலைபார்க்கும் அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்து நடந்த தரையில் சிவப்புத் தடம். துடைத்துவிட்டேன். மறுநாளும் துடைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஒரே காலில் மட்டும் எப்படிச் சாயம்?

பெருவிரலுக்கு அடியில் புண். அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை கூடிக் கால் நரம்புகள் மரத்திருந்தன (நரம்புச் சிதைவு). விருதுநகரில் டாக்டர் சுத்தம்செய்து கட்டுப் போட்டார். “எலும்புக்கு இறங்கிட்டா விரலை எடுக்க வேண்டி வரும்மா” என்றார்.

அதன்பின் கட்டு மாற்ற வீட்டுக்கே வந்தவர் எங்கள் ஆமத்தூர்ப் பக்கத்துச் சுகாதார நர்ஸ் முத்துலட்சுமி அக்கா. முதல் நாளே கேட்டார்: “செருப்பு எங்க மதினி?”

“வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்பா? உரசிப் பொறி பறந்தா நீங்க வந்து அள்ளுவீகளா?” என்றார் அம்மா.

“அள்ள நான் இருக்கேன். மொத விரலைக் காப்பாத்துவோம்.”

வேலையை விடச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு வேன் நிற்கும் இடத்துக்குப் போய்ப் போர்மேனைப் பிடித்தார்.

“அண்ணாச்சி, புண் ஆறி வந்ததும் எங்க மதினியைப் பாக்கிங்குக்கு மாத்துங்க. அங்கன செருப்புப் போடலாம்ல?”

அவர் தலையாட்டினார். அக்கா அதோடு விடவில்லை. வேனுக்கு நின்ற பெண்களின் கால்களையும் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

“என்னக்கா, கொலுசு போடவா போறீக?” என்று ஒருத்தி சிரித்தாள்.

“காலு இருந்தாத்தானடி கொலுசு. நீட்டு!”

நோயாளி வரட்டும் என்று காத்திராமல், நோய் ஏறி இறங்கும் இடத்திலேயே போய் நிற்கிற வைத்தியம்! நான் அசந்துபோனேன்.

புண் மெல்ல ஆறியது. விரல் தப்பியது. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று அக்கா சொன்னார்: “வேலைக்கு உக்காருமுன்ன பொடிக்கல் கிடக்கான்னு தரையைத் தடவுவீகள்ல மதினி? அம்புட்டுதான். உங்க பாதத்தையும் தினம் அப்படிப் பாருங்க.”

உங்கள் வீட்டிலும் சர்க்கரை இருந்தால் வலி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வலி வராது.

இப்போது பாக்கிங்கிலிருந்து திரும்பியதும் அம்மா கால் கழுவி, கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடிக்கிறார். ஓரிடத்தில் நிற்காத நானும் அப்போது பக்கத்தில் உட்கார்கிறேன். “ஒண்ணுமில்ல” என்று அவர் சொன்னபிறகுதான் எங்களுக்கு அன்றைய பொழுது முடிகிறது.

சில நாள், விரலிடுக்கைத் துடைக்க நான் துண்டோடு வருவதற்குள் தரையில் ஓர் ஈரத்தடம் பதிந்துவிடும். ஐந்து விரலும் இருக்கும். அதை மட்டும் நான் துடைப்பதில்லை.