கீழே கிடக்கிறவன் சொல்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் கமாண்டர் என்று பெயர். மரியாதைக்கு 'அவர்' என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பேனா 'அவன்' என்றே போகிறது. போகட்டும்.

போலீஸ் நாய்ப் படையில் இருந்ததாகச் சொல்லிக்கொள்வான். இருந்தது உண்மைதான், கூண்டு கழுவுகிற வேலையில். ஆறு வருஷம் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் நாய் பழக்குவதை வேடிக்கை பார்த்திருக்கிறான். அதில் அவன் கண்ணில் பட்டது சங்கிலியைச் சுண்டுவது மட்டும்தான். வேலையை விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைக் கம்பி வேலியால் வளைத்து, 'நாய்களுக்குக் கீழ்ப்படிதல் பயிற்சி' என்று போர்டு மாட்டினான். பெரிய வீட்டு நாய்களெல்லாம் காரில் வந்து இறங்கின.

நான் கால்நடை மருத்துவமனையில் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள். கமாண்டர் பழக்கிய நாயை நான் கழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். சங்கிலி இறுக்கிய இடத்தில் முடி போய், தோல் போய், சதை வட்டமாகத் தெரியும். "ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொன்னா நாய் கேட்டுட்டுப் போகுது. இந்த ஆளு எதுக்கு அது கழுத்தை அறுக்கிறான்?" என்று எங்கள் டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

கமாண்டரின் சித்தாந்தம் ரொம்பச் சின்னது. நாய்க்குத் தலைவன் வேண்டும், தலைவன் யார் என்பது அதன் உடம்புக்குத் தெரிய வேண்டும். புது நாய் வந்த அன்றைக்கே அதை மல்லாக்கத் தள்ளித் தொண்டையில் முழங்காலை வைத்து, அது பயத்தில் ஒன்றுக்குப் போகும்வரை அழுத்துவான். வாசலைத் தாண்டும்போது தலைவன் கால்தான் முதலில் வெளியே போக வேண்டும். தலைவன் சாப்பிட்ட பிறகுதான் நாய்க்குத் தட்டு வைக்க வேண்டும்.

நாயோடு நிறுத்தியிருந்தால்கூடப் பாவம் என்று போயிருக்கும். என் அக்காவையும் அந்த வரிசையில் நிறுத்தினான், அதுவும் கடைசியில். அவன் சாப்பிட்டு, நாய் சாப்பிட்டு, அப்புறம்தான் அவள். "வீட்டுக்கு ரெண்டு தலைவன் இருந்தா நாய் குழம்பிடும்" என்பான். வாசலில் அவனை முந்திக் காலை வைத்ததற்கு அக்காவின் முன்பல் ஒன்று போனது. பதில் பேசினால் அறை, பேசாமல் இருந்தால் திமிர் என்று அதற்கும் அறை.

ஒரு தடவை அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். "விடும்மா, ஏதோ கோவத்துல கை நீட்டிட்டாரு" என்றார்கள். மாமியார் போனில் "விடும்மா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து "விடுங்கக்கா" என்றாள். சலித்துப்போய் ஒரு நாள் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவளால் கிளம்பி வர முடியவில்லை. ஆறு வயதில் ஒரு மகள். "போறதா இருந்தா தனியாப் போ. பிள்ளையைத் தூக்கிட்டு வாசலைத் தாண்டினே, ரெண்டு பேரும் உசுரோட இருக்க மாட்டீங்க" என்று சொல்லி வைத்திருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள். அவளும் குழந்தையும் அந்த வீட்டிலிருந்து முழுசாக வெளியே வருவார்களா என்பதுதான் என் ஒரே கவலை.

அப்போதுதான் ஒரு கிடங்கு முதலாளி, கமாண்டர் பழக்கிக் கொடுத்த நாயைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினார். கிடங்கில் திருடன் நுழைந்திருக்கிறான். நாய் பாய்ந்து அவன் காலைக் கவ்வியிருக்கிறது. கீழே விழுந்தவன் வலி தாங்காமல் "விடு, விடு" என்று அலறியிருக்கிறான். பழக்கிய வார்த்தை ஆயிற்றே, நாய் மரியாதையாக விட்டுவிட்டது. "உன் நாய் திருடனுக்கே சல்யூட் அடிக்குதுய்யா" என்று முதலாளி நாலு பேர் முன்னால் கேட்டார். கமாண்டருக்கு முகம் செத்துப்போனது. மூன்று மாதத்தில் வேறு நாய் தருவதாக வாக்குக் கொடுத்தான். அந்த நாய்தான் கரியன்.

இந்தப் பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கமாண்டர் கையில் கனமான பஞ்சுறையை மாட்டிக்கொண்டு திருடன் மாதிரி ஓடுவான். கரியன் உறையைக் கவ்வியதும் கீழே விழுந்து "விடு" என்று கத்துவான். அது விடக் கூடாது. நின்றுகொண்டிருக்கிற ஆள் "விடு" என்றால் மட்டும் விட வேண்டும். அந்த நிற்கிற ஆள் அக்கா. "கீழ கெடக்கிறவன் சொல்லு செல்லாது. நிக்கிறவன் சொல்றதுதான் சொல்லு. இதை அது மண்டையில ஏத்தணும். தப்பு பண்ணினா முதுகுலயே போடு" என்று அவள் கையில் பிரம்பைக் கொடுத்தான்.

முதல் நாள் கரியன் பதினொரு தடவை தப்பு செய்தது. அக்காவுக்குக் கை எழவில்லை. அவள் போடாத அடியையெல்லாம் அவன் எழுந்து வந்து அவள் முதுகில் போட்டான். நாய்க்கு என்று கொண்டுபோன களிம்பை அன்றைக்கு அவளுக்கும் தடவினேன். பிரம்பு வரிகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். கணக்கில் ஆள் சுத்தம்.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் கீழே கிடந்து கத்தும்போதெல்லாம் மெதுவாக "பிடி" என்பாள். அவன் போடுகிற கூச்சலில் அது அவன் காதில் விழாது, கரியன் காதில் விழும். கொஞ்சம் பொறுத்து "விடு" என்பாள். விட்டுவிட்டு அவளுடைய இடது காலோரம் வந்து உட்காரும். ஒரு தடவைதான் சொல்வாள், ஒரே குரலில். கமாண்டர் மாதிரி உறுமல் பாதி, கெட்ட வார்த்தை பாதி என்று அஞ்சு தினுசாகச் சொல்ல மாட்டாள். இரண்டு வாரத்தில் "பிடி"யே தேவைப்படவில்லை. கீழே கிடக்கிறவன் "விடு" என்றால் பல்லை இன்னும் இறுக்கு என்று கரியன் எடுத்துக்கொண்டது.

"பாத்தியா, நாலு வெச்சதும் எப்படி வழிக்கு வந்துச்சு" என்று கமாண்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மாதமாகத் தினமும் அந்த நாய்க்கு முன்னால் மண்ணில் புரண்டது யார், நிமிர்ந்து நின்று உத்தரவு போட்டது யார் என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவே இல்லை.

நாயை ஒப்படைக்க வேண்டிய அன்று காலை நான் களிம்போடு போயிருந்தேன். கமாண்டர் இன்னும் சாப்பிடவில்லை. குழந்தை தன் பிஸ்கட்டை உடைத்து, பாதியைக் கரியனிடம் நீட்டினாள்.

"எனக்கு முன்னாடி அதுக்கா?"

ஆணியில் தொங்கிய சங்கிலியை உருவி வீசினான். அக்கா குறுக்கே விழுந்தாள். சங்கிலி அவள் காதைக் கிழித்துக்கொண்டு போனது, தோள் முழுக்க ரத்தம். அவன் நிற்கவில்லை. குழந்தையின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, மறுபடி கையை ஓங்கினான். ஓங்கின கையைக் கரியன் கவ்வியது.

அன்றைக்கு அந்தக் கையில் பஞ்சுறை இல்லை. தண்ணீர்க் கிண்ணம் தட்டிவிட, கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். நான் குழந்தையை இழுத்து என் பின்னால் தள்ளினேன். "விடு!" என்று கத்தினான். கரியன் பல்லை இறுக்கியது. "விடு! விடு!" இன்னும் இறுக்கித் தலையை உலுக்கியது. மணிக்கட்டு எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. தரையில் ரத்தமும் தண்ணீரும் கலந்து அவன் முதுகுக்கு அடியில் ஓடின.

அக்கா எழுந்து நின்றாள்.

"சொல்லுடி!" என்றான். அவள் சொல்லவில்லை. "சொல்லும்மா, உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன், சொல்லு!" என்றான். அதற்கும் சொல்லவில்லை. புண்ணுக்கு மருந்து கட்டுகிற எனக்கு இப்படி நினைப்பு வரக் கூடாதுதான். ஆனாலும் 'சொல்லாதே அக்கா' என்றுதான் மனசுக்குள் கத்தினேன்.

"பாப்பா, செருப்பைப் போட்டுக்கோ. சித்தி கையைப் புடிச்சுக்கிட்டு வெளிய வா" என்றாள். காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் குழந்தையின் பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவனுக்கு முன்னால் வாசலைத் தாண்டினாள். நாங்களும் வெளியே வந்த பிறகு திரும்பி நின்று, ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"விடு."

கரியன் விட்டது. ஓடி வந்து அவள் இடது காலோரம் உட்கார்ந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னது நான்தான். கை பிழைத்தது, மூன்று விரல் மடங்காது. கிடங்கு முதலாளி விஷயம் கேள்விப்பட்டு, நாயே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டார். கரியனை எங்கள் டாக்டர், கடித்த நாய்க்கு வெறி இருக்கிறதா என்று பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டு அக்காவிடமே அனுப்பினார். அவர்கள் மூவரும் என் வீட்டில் இருந்தார்கள். இப்போது அக்கா முதல் ஆளாகச் சாப்பிட உட்காருவாள். நான்தான் கட்டாயப்படுத்தினேன்.

நாலு மாதம் கழித்துக் கமாண்டர் வந்தான். கதவைத் திறந்ததும் கரியன் எழுந்து நின்றது. பழக்க தோஷம், "உக்காரு!" என்று அதட்டினான். கரியன் அக்காவின் முகத்தைப் பார்த்தது. அதைக் கண்டதும் அவனுக்கு என்ன ஆனதோ, வாசற்படியிலேயே மண்டியிட்டு, தரையில் நெற்றி படக் குனிந்து அழுதான்.

"எனக்குப் புத்தி வந்துடுச்சு. நடந்ததையெல்லாம் விடு. விடும்மா."

அக்கா கிழிந்து ஒட்டின காதைத் தடவிக்கொண்டாள். குரல் ஏறவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"கீழ கெடக்கிறவன் சொல்லு செல்லாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

ஒரு தடவைதான் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.