ஏழு சட்டி போட்டால் நாலரை சட்டி

கணக்கில் இருபத்தொன்பது. பாஸ் ஆக முப்பத்தைந்து வேண்டும். ஆறு மார்க்கில் போனது.

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஆறாவது வரைதான். மற்ற பாடமெல்லாம் வந்துவிட்டது, இங்கிலீஷ்கூட. கணக்கு மட்டும் நின்றது. எட்டாவது பாஸ் இருந்தால் ஆபீஸ் உதவியாளர் வேலைக்கு மனுப் போடலாம். கட்டட வேலையில் பதினான்கு வருடமாகச் சட்டி சுமக்கிறேன். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் பாரம் வைக்காதே என்று டாக்டர் சொன்னார். வைக்காமல் எப்படிப் பிழைப்பது என்று அவர் சொல்லவில்லை. மறுபடியும் தேர்வுக்கு எழுதிப் போட்டேன்.

மகள் ஏழாவது படிக்கிறாள். அவளுக்கும் அப்போது விகிதக் கணக்குதான் நடந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கைடு. சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளித்து, உலை வைத்துவிட்டு உட்காருவோம். விடை வந்ததும் பேனாவால் தரையில் தட்ட வேண்டும். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். இந்தச் சட்டம் அவள் போட்டது.

எட்டுப் பேர் பதினைந்து நாளில் கட்டும் சுவரைப் பத்துப் பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? அவள் பேனா மூடியைத் திறப்பதற்குள் தட்டிவிட்டேன்.

"பன்னெண்டு."

"எப்புடிம்மா?"

"எட்டுப் பேரு, பதினஞ்சு நாளு. மொத்தம் நூத்தியிருவது ஆளு வேலை. பத்துப் பேரு வந்தா பன்னெண்டு நாளு."

"கைடுல இதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கான்."

"அவன் வேலைக்கு வந்திருக்க மாட்டான். நீ போயி சட்டியக் கழுவு."

மூன்று நாள் அவள்தான் கழுவினாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட எனக்கு அதே நினைப்பு. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றால் ஆவுடையார்கோவில் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். சரியாக வந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். இந்த வயதில் அப்படி அடித்தது எனக்கே புதிது.

நான்காம் நாள் அந்தக் கணக்கு வந்தது.

"இது ஒனக்குன்னே போட்டிருக்கான்ம்மா" என்று மகள் வாசித்தாள். சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. அறுபத்து மூன்று சட்டி கான்கிரீட் கலவை வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை சட்டி?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டினோம்.

"ஒம்போது, பதினெட்டு, முப்பத்தாறு" என்றாள்.

"பதினாலு, இருவத்தெட்டு, அம்பத்தாறு" என்றேன்.

அவள் சிரித்தாள். "கூட்டிப் பாரும்மா. ஒன்னும் ரெண்டும் நாலும் ஏழு. அறுவத்து மூண ஏழால வகுத்தா ஒம்போது. நீ சொல்றதக் கூட்டுனா தொண்ணூத்தெட்டு வருது."

"வரட்டும். கலந்தா அறுவத்து மூணாயிரும்."

"மிச்சத்த யாரு தின்னா?"

"யாரும் திங்கலடி. ஜல்லிக்கு நடுவுல சந்து இருக்கும். அதுக்குள்ள மணலு போயி உக்காந்துக்கும். மணலுக்கு நடுவுல சிமெண்டு. ஏழு சட்டி போட்டா நாலரை சட்டிதான் வரும். ரெண்டு சட்டி சிமெண்டு போட்டா ஒம்போது சட்டி கலவை. அறுவத்து மூணுல ஏழு ஒம்போது. அப்ப பதினாலு சட்டி சிமெண்டு."

அவள் கைடின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒன்பது, பதினெட்டு, முப்பத்தாறு.

"இவன் சொல்றபடி போட்டா பாதிக் கூரையில சரக்கு தீந்து போகும்" என்றேன்.

"கூரை நிக்கிறதுக்கு மார்க் கெடையாதும்மா. போன தடவையும் இப்புடித்தான் கூட்டாம விட்டியா?"

அப்படித்தான் விட்டிருந்தேன்.

சனிக்கிழமை அவளையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்கப்பூரில் இருப்பவர் ஒருவர் கட்டும் வீடு. அன்றைக்கு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு. கொஞ்சம் கலவைதான், தகரத்தில் கொட்டிக் கையாலேயே கலப்பது.

"ஒங்கம்மா எண்ணுறது பத்தாதா? சட்டி எண்ண ஆளு கூடிக்கிட்டே போகுது" என்றார் கொத்தனார். "ஏத்தா பாப்பா, அங்கிட்டு நிழல்ல நில்லு."

அவள் நிற்கவில்லை. ஒரு சட்டி சிமெண்ட், இரண்டு சட்டி மணல், நான்கு சட்டி ஜல்லி. அவளே விளிம்போடு மட்டம் தட்டி ஏழும் கொட்டினாள். தண்ணீர் விட்டுக் கலந்தேன். பிறகு சட்டி சட்டியாக அள்ளி அவள் முன்னால் வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது சட்டி பாதியில் நின்றது.

தகரத்தின் அடியில் மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். கொத்தனார் அவள் தலையில் தட்டினார். "நானும் சின்ன வயசுல அதத்தான் தேடுனேன்."

திங்கள்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். "சார்கிட்ட சொன்னேன்ம்மா. ஒங்கம்மா சொல்றது சரின்னாரு. ஆனா பேப்பர் திருத்துறவரு கலவை போட்டிருக்க மாட்டாராம். பரீட்சையில கூட்டிரச் சொன்னாரு."

சரி என்றேன். ஆனால் ஏன் கூட்ட வேண்டும் என்று தெரியாமல் எனக்குக் கை வரவில்லை. அடுத்தடுத்த நாளும் கூட்டும் இடம் வந்ததும் பேனா நின்றது. பாத்திரம் கழுவும் வேலை என்னிடம் வந்தது.

புதுக்கோட்டையில் தேர்வு. கணக்குத்தாள் வந்ததும் முதலில் விகிதம் எங்கே என்றுதான் தேடினேன். பத்து மார்க்குக்கு இருந்தது. செம்பும் துத்தநாகமும் மூன்றுக்கு இரண்டு சேர்த்துப் பித்தளை செய்கிறார்கள். நாற்பத்தைந்து கிலோ பித்தளையில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு?

பேனா மறுபடியும் நின்றது. செம்புக்கு நடுவிலும் சந்து இருக்குமா? உருக்கினால் எது எதற்குள் போகும்? எனக்குத் தெரியாது. கழுத்து வலித்தது. கையை வைத்து அமுக்கினேன்.

அப்போதுதான் பிடிபட்டது. ஜல்லிச் சட்டியில் மணலைக் கொட்டினால் மணல் உள்ளே இறங்கிவிடும், சட்டி பொங்கி வழியாது. ஆனால் தூக்கித் தலையில் வைக்கும்போது கழுத்துக்குத் தெரியும். போட்ட மணல் அத்தனையும் கழுத்தில்தான் இருக்கும். சட்டிக் கணக்கு குறையும். கிலோ குறையாது. இந்தக் கேள்வியில் கேட்பது கிலோ.

கூட்டினேன். மூன்றும் இரண்டும் ஐந்து. நாற்பத்தைந்தில் ஐந்து ஒன்பது. செம்பு இருபத்தேழு, துத்தநாகம் பதினெட்டு. கூட்டிப் பார்த்தேன், நாற்பத்தைந்து நின்றது. என்னை அறியாமல் பேனாவால் மேஜையில் தட்டிவிட்டேன். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

முடிவு வந்த அன்று கூரைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து, தெருவில் நின்று செல்போனைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஒரு கை விரல் ஐந்தையும், அப்புறம் இரண்டு கையிலுமாக எட்டையும் விரித்தாள்.

ஐம்பத்தெட்டு.

தலையில் இருந்த சட்டியைக் கொட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

"ஆபீசுக்குப் போயிட்டீன்னா எனக்கு யாரு சட்டி எண்ணுவா?" என்றார் கொத்தனார்.

"நீங்களே எண்ணுங்கண்ணே. ஒன்னுக்கு நாலரை."

மனுப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. முடிவு வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பேனாவால் தட்டவில்லை. பாத்திரத்தை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.