கருவாட்டுக்குப் போர்த்திய வலை

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகும் வாரத்தில் காசிமேட்டில் என் முகத்தைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. நான் மீன்வள ஆய்வாளர். படகுகள் கடலுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் ஏறி, வலையின் வால் பகுதியான மடியை விரிக்கச் சொல்லி, அதன் கண்களை அளப்பேன். பிடிபடும் மீனெல்லாம் அங்கேதான் வந்து சேரும். கண் சிறுத்திருந்தால் குஞ்சுகூடத் தப்பாது. அப்படிப்பட்ட வலையைப் பறிமுதல் செய்வது என் வேலை. திட்டு வாங்குவதும் அதில் அடக்கம்.

என் அண்ணனுக்கும் ஒரு விசைப்படகு உண்டு. போன வருஷம் அதிலும் ஏறினேன். மடியை விரித்துக் காட்டினான். கண்கள் எல்லாம் தாராளமாக இருந்தன.

“இன்னா தங்கச்சி, நம்மளயே சந்தேகப்படற?” என்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் படகுக்காரரிடம், எங்கள் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் சாப்பிட ராயபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் வாளைக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காக்கை தூக்காமல் இருக்க மேலே ஒரு வலை. புத்தம் புது மடி. அளவுகோலே தேவைப்படவில்லை. என் சுண்டுவிரல்கூட அதன் கண்ணில் நுழையவில்லை.

“ஏம்மா, இது ஏது?”

“உங்க அண்ணந்தான் குடுத்தான். பத்திரமா வெச்சிக்க, கெளம்பறப்போ மாத்திக்கிறேன்னான். சும்மாதானே கீது, காக்கா வேற ஒரே பேஜாரு. போத்தி வுட்டேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், பூசணிக்காயை அம்மாவிடம் கொடுத்துவைத்திருக்கிறான்! சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. போன் போட்டு வரச் சொன்னேன். வந்தவன் கருவாட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னிடம் சட்டம் பேசினான்.

“வூட்லதானே கீது? படகுலயா கீது?”

“சரி, வெச்சிக்க. நீ கெளம்பற அன்னிக்கி உன் படகுலயே வந்து குந்திக்கினு இருப்பேன். கரைக்கு வர்ற வரிக்கும் எறங்க மாட்டேன்.”

செய்வேன் என்று அவனுக்குத் தெரியும். வலையை உருவி என் காலடியில் போட்டான்.

“எடுத்துக்கினு போ. இந்த வருஷம் மொத மீனு உன் வூட்டுக்கு வராது.”

தடை முடிந்து வரும் முதல் மீன், கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போகும். எங்கள் குடும்ப வழக்கம் அது. அப்பா போன பிறகும் அண்ணன் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. இருந்தும் அந்த வலையை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன். அலுவலகத்தில் பறிமுதல் செய்த வலைகள் கிடக்கும் அறையில் அதையும் போட்டேன். அன்றிலிருந்து அந்த அறை வாசலைவிட்டுப் பூனைகள் நகரவில்லை.

படகுகள் கரை திரும்பிய அன்று, கொருக்குப்பேட்டையில் என் வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமே, உருளக்கெழங்கு வாங்கியாரட்டா?”

ஒரு மீனுக்காக அரசாங்க அதிகாரி அழுவாளா? அழுதேன். என் அண்ணன் எனக்கு வேண்டும்.

உலை கொதிக்கிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினாள். கையில் கூடை, கூடைக்கு வெளியே வாலை நீட்டிக்கொண்டு ஒரு வஞ்சிரம். வாங்கப் போனேன். அம்மா கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இரு, இரு. அப்டியே வாங்கக் கூடாதாம். அளந்து பாத்துட்டுதான் வாங்கணுமாம். உங்க அண்ணன் சொல்லி அனுச்சான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அளவுகோலை எடுத்துவந்தேன். மீனை வாசலிலேயே கிடத்தி, மூக்கிலிருந்து வால்வரை முறைப்படி அளந்தேன். கோல் போதவில்லை.