வாரத்துக்கு அரை கிலோ

பாரம் தூக்கச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்குப் பெரும்பாடு, வருகிறவர்களைத் தூக்கவிடாமல் தடுப்பதுதான். இதே தொழிலில் இருக்கும் சகாக்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் படித்துவிட்டு எங்கள்மேல் கொஞ்சம் இரக்கப்படலாம்.

பூஜை அவசரம்

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் ஜிம். துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஊரே மாடியேறி வரும். புதுச்சட்டைக்குள் புஜம் தெரிய வேண்டும், தொப்பை தெரியக் கூடாது. எடை குறைந்தவர்கள், மற்ற எல்லாருக்கும் சந்தேஷ் என்ற வங்காளி இனிப்பு வாங்கிவருவது இங்கே வழக்கம். பெட்டியைக் காலி செய்வதில் முதல் ஆளாக நிற்பதும் அந்த எடை குறைந்தவராகத்தான் இருப்பார்.

என்னுடையது ஆமை வேகம். வாரத்தில் ஒரு நாள் கனமான பாரம், ஐந்தே ஐந்து முறை. இன்னொரு நாள் அதில் பாதி, பதினைந்து இருபது முறை. வாரத்துக்கு அரை கிலோ ஏற்றுவேன், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது. இருபத்தெட்டு வயதில் போட்டி மேடையில் ஒரேயடியாகப் பத்து கிலோ ஏற்றி முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான். அரை கிலோ ஏற்றுவதற்குத் தோதான பிளேட் கடையில் கிடைக்கவில்லை. அப்பா வேலை பார்த்த கிடர்பூர் துறைமுகம் பக்கம் போய், பழைய இரும்புக் கடைகளில் கப்பல் வாஷர்களாகப் பொறுக்கிவந்தேன். ஒவ்வொன்றும் கால் கிலோ. பார் என்னும் இரும்புத் தடியின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று மாட்டினால் அரை கிலோ கணக்குச் சரியாகிவிடும்.

பூஜைக்குள் உடம்பை ஏற்றிக்கொள்ள வந்த ஒரு பேங்க் ஆபீசர் அந்த வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இதுக்கு எதுக்கு மாடியேறி வரணும்? என் வீட்டுச் சாவிக்கொத்தே இதைவிடக் கனமா இருக்கே!"

ஐம்பத்தெட்டு

நெல்லையப்பன் அண்ணாச்சி வந்தது ஒரு ஜனவரிக் காலையில். குரங்குக் குல்லாவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். வயது அறுபத்தாறு. கிடர்பூரில் ஒரு சரக்கு ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் அப்பாவைப் போலவே தூத்துக்குடிப் பக்கம் என்பதால் நான் எடுத்த எடுப்பிலேயே அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. மனைவி கோமதியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஒன்றரை வருஷம். கட்டில், விட்டால் நாற்காலி. போன பூஜையின்போது தெருப்பையன்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கியிருக்கிறார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் அம்மாள் பாதிப் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டாராம். நாலு பேர் தூக்கிப் போகிற வேளை எனக்கு இன்னும் வரவில்லை, இனி இறங்கினால் உங்கள் கையில்தான் இறங்குவேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு வாசல்படி தாண்டவில்லை.

"அம்மா என்ன எடை அண்ணாச்சி?" என்றேன். ஐம்பத்தெட்டு, சீக்கில் விழுவதற்கு முன்னால் பார்த்தது என்றார். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். மாடிப்படியில் அவ்வளவு கனத்தை இறக்க ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும், அடுத்த வருஷப் பூஜைக்குப் பார்க்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்து குல்லாவைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "நான் கிளார்க்கு தம்பி. ஒவ்வொரு தாளா பாத்துப் பழகினவன். நீங்க சொல்லுத மாதிரியே அரை அரை கிலோவா ஏறுதேன். ஆனா இந்தப் பூஜைக்கே அவ கீழ இறங்கி அம்மன் பந்தலைப் பாக்கணும்."

லேசு

முப்பத்திரண்டு கிலோவில் ஆரம்பித்தோம். கட்டிலிலிருந்து ஒரு தரம் தூக்குவது வேறு, முப்பத்துநாலு படி இறக்குவது வேறு. முதல் வேலைக்குப் பாரில் ஐந்து முறை. இரண்டாவதற்கு, அரிசிச் சாக்கில் பதினைந்து கிலோ மணல் கட்டி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு மருந்துக்கடைப் படியில் இருபது முறை ஏறி இறங்கச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் நான் கிழவரைக் கொல்லப் பார்க்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி ஒரு நாள் தவறவில்லை. வீட்டுக்குப் போனதும் அன்றைய எடையை மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவாராம். ஜூன் மாதம் நாற்பத்திரண்டைத் தாண்டிய அன்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து ஒன்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை அப்படியே ஜிம் வாசல் கரும்பலகையில், விளம்பரம் மாதிரி எழுதிப் போட்டேன்: "தம்பி, வீட்டுல கோமதி இப்பல்லாம் ரொம்ப லேசா இருக்கா!"

பத்து கிலோ

ஆகஸ்டில் பாரில் நாற்பத்தாறு. கிளார்க் அல்லவா, கணக்குப் போட்டுவிட்டார். இந்த வேகத்தில் பூஜைக்குள் ஐம்பதையே தொட முடியாது. நான் போன் பேச வராந்தாவுக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு ஐந்து கிலோ பிளேட்டை மாட்டிவிட்டார். பார் தரையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

மூன்று வாரம் ஓய்வு என்றார் டாக்டர். எனக்கு வந்த கோபத்தில் வயதுகூடப் பார்க்காமல் கத்தித் தீர்த்தேன். எட்டு மாத உழைப்பை எட்டு நொடியில் பாழாக்கிவிட்டீர்களே, அடுத்த பூஜை எங்கே ஓடிப்போகிறது என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. "அடுத்த பூஜைன்னு ஒண்ணு இருக்குன்னு நீங்க நம்புதீக, நான் நம்புதேன். அவ நம்பல தம்பி."

எடை மெஷின்

முதுகு ஆறிய பிறகு, படியின் அகலத்தையும் அம்மாளின் எடையையும் பார்த்துவிடலாம் என்று எடை மெஷினோடு அவர் வீட்டுக்குப் போனேன். கோமதியம்மாளை அதுவரை நான் பார்த்ததில்லை. கட்டிலில் இருந்தவரைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. அண்ணாச்சி அவரை அணைத்துத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினார். பகலெல்லாம் கூட இருக்கும் ஆயா பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு அண்ணாச்சி தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தால் நாற்பத்தைந்து. நம்பாமல் இன்னொரு தரம் ஏறச் சொன்னேன். நாற்பத்தைந்துதான்.

அந்தப் பத்து கிலோவை மாட்டுவதற்கு முன் அவர் பாரில் இருந்ததைவிட ஒரு கிலோ குறைவு. பதின்மூன்று கிலோ மனுஷி கரைந்துபோயிருக்கிறார். அதை என் பயிற்சியின் பலன் என்று நான் கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறேன். தினமும் உடம்பைப் பார்த்துப் பார்த்துப் பிழைக்கிறவன், ஒரு நாள்கூட அந்த வீட்டு மாடியேறிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆயாதான் போட்டு உடைத்தாள். அம்மா ஒரு கரண்டி சோற்றுக்கு மேல் தொடுவதில்லை, கேட்டால் பசியில்லை என்கிறார், தட்டில் மீந்ததை அண்ணாச்சியிடம் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றாள். அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோமதியம்மாளுக்கு வாய் கொஞ்சம் குழறும், ஆனால் நிதானமாகச் சொல்லி முடித்தார்: "இவுக அரை அரை கிலோவா ஏறுதாக. நான் அரை அரை கிலோவா இறங்கினா, நடுவுல எங்கயாச்சும் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்."

அஷ்டமி

வேறு நோய் எதுவுமில்லை, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அண்ணாச்சி ஒரு வாரம் ஜிம்முக்கு வரவில்லை. வந்தபோது, பட்டினியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தல் பார்ப்பதாக இல்லை என்றார். நானே போய் இருவருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணினேன். பூஜையில் பெரிய நாளான அஷ்டமிக்கு அவர் தூக்கிக்கொண்டு இறங்குவது, கீழே பந்தலில் கொடுக்கும் பிரசாதத்தை அம்மாள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே சம்மதித்தார்கள்.

அஷ்டமிக் காலையில் படித்திருப்பங்களில் எல்லாம் நாற்காலி போட்டுவைத்தேன். அவருக்கு இரண்டு படி கீழே, மேலே பார்த்தபடி நான் பின்பக்கமாக இறங்கினேன். ஆயா பின்னாலிருந்து அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படிக்கும் அவர் உதடு எண்ணியது. கோமதியம்மாள் இடக்கையை அவர் கழுத்தில் போட்டுக் கண்ணைத் திறந்துவைத்திருந்தார். நான் பார்க்க வேண்டியது அண்ணாச்சியின் முழங்காலை. ஆனால் என் கண்ணில் தண்ணீர் நின்று முழங்கால் சரியாகத் தெரியவில்லை.

பந்தலில் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் ஓடிவந்து அம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். இலைத்தட்டில் சூடாகக் கிச்சுடிப் பிரசாதம் வந்தது. அம்மாள் இடக்கையால் மெதுவாக எல்லாவற்றையும் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி போட வந்தபோது புருஷனைத் திரும்பிப் பார்த்து, "மேல ஏறும்போது கனக்குமே?" என்றார். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கனக்கட்டும், சாப்புடு."

ஞாயிற்றுக்கிழமை

இப்போது ஞாயிறுதோறும் நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கோமதியம்மாளுக்கும் அதே முறைதான். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பது, அது கனம், ஐந்து முறை. இடக்கையில் ஒரு கப்பல் வாஷர், அது லேசு, பதினைந்து முறை. முதல் மூன்று வாரம் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே என்னை வைதார். முடிந்ததும் எடை மெஷின். மாதக்கணக்காக முள் அசையவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் அதே நாற்பத்தைந்து.

போன ஞாயிறு அண்ணாச்சி வழக்கம்போல் அவரைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினார், பிறகு தனியாக ஏறினார். நான் கழித்துப் பார்த்தேன். சந்தேகப்பட்டு அவரே இன்னொரு தரம் கழித்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கோமதியம்மாள் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதருகில் சொன்னார்: "தம்பி, நாளைக்கு ஜிம்முல இவுகளுக்கு ஒரு அரை கிலோ ஏத்துங்க. நான் ஏறிட்டேன்."

இத்தனை வருஷத் தொழிலில் எடை குறைந்தவர்கள் வாங்கிவந்த சந்தேஷைப் பெட்டி பெட்டியாகத் தின்றிருக்கிறேன், எடை கூடியதற்காக நானே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ஒரு பெட்டிதான்.